உப்பிய டப்பா

கணக்குப் போட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப் போகுமா?

போகும் என்றது டெல் கம்பெனி. சொன்னது யாரிடம் தெரியுமா? டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையிடம். அங்கே வாங்கிப் போட்டிருந்த டெல் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. என்னய்யா இது என்று கேட்டார்கள். கம்பெனி மெஷின்களைப் பரிசோதித்தது. பிறகு காரணம் சொன்னது. நீங்கள் ரொம்பக் கஷ்டமான கணக்குகளாகக் கொடுத்துவிட்டீர்கள், மெஷினால் தாங்க முடியவில்லை.

கணிதத் துறையில் கணக்குப் போடாமல் பின்னே கபடியா ஆடுவார்கள்? இத்தனைக்கும் மைக்கேல் டெல் 1984-ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கியதே, இதே டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதுதான். வளர்த்த வீட்டுக்கே இந்தப் பதில் என்றால் மற்றவர்கள் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான காரணம் கணக்கு இல்லை. சுண்டு விரல் நுனி அளவில் ஓர் அலுமினிய டப்பா. சில சென்ட் விலை பெறும் சரக்கு. பெயர் கெப்பாசிட்டர்.

பெயரைக் கேட்டதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான பொருள்தான். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் வந்து, ‘கண்டென்சர் போயிடுச்சு சார்’ என்பாரே, அதற்குப் பங்காளி முறை.

மாடியில் தண்ணீர்த் தொட்டி எதற்கு வைக்கிறோம்? குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். நமக்கோ திறந்தபோதெல்லாம் ஒரே சீராக வரவேண்டும். வரும்போது பிடித்து வைத்துக்கொண்டு, வராத நேரத்தில் கொடுக்க ஒரு தொட்டி. கெப்பாசிட்டரின் வேலையும் அதேதான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பின்பக்கம் ஒரு தகர டப்பா இருக்கிறதல்லவா? விசிறியோடு, கொத்தாக ஒயர்கள் தொங்கிக்கொண்டு. நம் ஊரில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரம் அலை அலையாக வருவது. அதை ஒரு திசைப்படுத்தி, முதலில் ஒரு குண்டு கெப்பாசிட்டரில் நிரப்புவார்கள். பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, மின்மாற்றி வழியாக இறக்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரிப்பார்கள். வெட்டின இடத்தில் எல்லாம் அதிர்வு இருக்கும். அந்த அதிர்வை உறிஞ்சி, மட்டப்படுத்தி அனுப்ப, வெளியேறும் வாசலில் சின்னச் சின்னதாக இன்னும் சில கெப்பாசிட்டர்கள்.

அங்கேயும் முடிந்துவிடவில்லை. ப்ராஸசருக்கு 12 வோல்ட் ஆகாது. அதற்கு வேண்டியது ஒன்றரை வோல்ட் மாதிரி. எனவே மதர்போர்டிலேயே இன்னொரு குட்டி மின்சார இலாகா, ப்ராஸசருக்குப் பக்கத்திலேயே. அதற்கும் வரிசையாகக் கெப்பாசிட்டர்கள்.

எவ்வளவு அதிர்வு இருக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. 12 வோல்ட் வரிசையில் 120 மில்லிவோல்ட் வரை தாங்கும். 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட். நூற்றுக்கு ஒரு பங்கு. அதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் எரிந்து சாம்பலாகாது. அதைவிட மோசமான காரியத்தைச் செய்யும். காரணமில்லாமல் நிற்கும். தானே அணைந்து தானே எழும். திரை நீலமாகும். நாம் வைரஸ் என்போம். விண்டோஸைத் திட்டுவோம். அழித்துவிட்டு மறுபடி போடுவோம். டப்பா மட்டும் ஒரு மூலையில் அமைதியாக உப்பிக்கொண்டிருக்கும்.

டப்பாவுக்குள் என்னதான் இருக்கிறது? கையில் கிடைத்த பழைய கெப்பாசிட்டர் ஒன்றை நானே ஒருமுறை கத்தியால் பிளந்து பார்த்திருக்கிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே காகிதம், எல்லாவற்றையும் பாய் மாதிரி சுருட்டி ஒரு திரவத்தில் நனைத்து, ரப்பரால் அடைத்திருக்கிறார்கள். (எஸ்.எம்.பி.எஸ்ஸின் குண்டு கெப்பாசிட்டரிடம் இந்த விளையாட்டு வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும். தொட்டால் தூக்கி எறியும்.)

சூட்சுமம், ஒரு தகட்டின் மேல் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம். மின்சாரத்தைக் கடத்தாத படலம். எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கொள்ளளவு. போலந்துக்காரரான காரோல் போலக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடையது திரவம் தளும்பும் ஜாடி. சாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர் 1925-ல் நடுவே காகிதத்தை வைத்து, திரவத்தை அதில் ஊற வைத்தார். ஜாடி டப்பாவானது. ரேடியோ, டி.வி., கம்ப்யூட்டர் என்று எல்லாம் வந்து போய்விட்டன. சுருட்டிய பாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

மாறியது திரவம். நம் கதையே அதில்தான்.

அந்தப் படலத்தில் எங்கேயாவது கீறல் விழுந்தால் அதைச் சரி செய்வதும், காகிதத்தின் வழியாக மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் திரவத்தின் பொறுப்பு. பழைய கலவைகளில் எத்திலீன் கிளைக்கால் போன்ற சமாசாரம்தான் அதிகம், தண்ணீர் கொஞ்சம். 1990-களின் பின்பாதியில் அது போதாமல் போனது. ப்ராஸசர்களின் வோல்ட் இறங்கிக்கொண்டே வந்தது. பசி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒன்றரை வோல்ட்டில் 60 வாட் வேண்டும் என்றால் 40 ஆம்பியர். உங்கள் வீட்டு ஏ.சி. இழுப்பதே ஏழெட்டு ஆம்பியர்தான். அதுவும் ஒரே சீராக இழுக்காது. இப்போது சும்மா இருக்கும், அடுத்த நொடியின் லட்சத்தில் ஒரு பங்கில் ‘கொண்டா’ என்று கத்தும். தொட்டி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, குழாயும் அகலமாக இருக்கவேண்டும். அதாவது கெப்பாசிட்டரின் உள் மின்தடை மிகக் குறைவாக இருக்கவேண்டும்.

தண்ணீரைக் கூட்டினால் தடை குறையும். விலையும் குறையும். ஆனால் வெறும் அலுமினியத்தைத் தண்ணீர் சும்மா விடாது. அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய டப்பாவுக்குள் வாயு கிளம்பினால் என்ன ஆகும்? ஆகவே தண்ணீரோடு அதன் வாயைக் கட்டும் தடுப்பு ரசாயனங்களையும் சரியான அளவில் சேர்க்கவேண்டும். ஜப்பானியக் கம்பெனிகள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தக் கலவையைக் கண்டுபிடித்தன. ரூபிகான் என்ற கம்பெனி 1990-களின் கடைசியில் தண்ணீர் மிகுந்த திரவத்தோடு புது வரிசைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மதர்போர்டு செய்கிறவர்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் அதையே மலிவாகக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா?

தைவானில் இருந்தார்கள். உலகத்தின் மதர்போர்டுகளில் பெரும்பகுதி அந்தத் தீவின் கம்பெனிகள் செய்தவை. கெப்பாசிட்டரும் அங்கேயே கிடைத்தால் கசக்குமா?

சரியாக ஒன்றரை, இரண்டு வருஷம் எல்லாம் ஜோராக நடந்தது.

பிறகு டப்பாக்கள் உப்பின. கெப்பாசிட்டரின் தலையில் பெருக்கல் குறி மாதிரியோ, ஆங்கில கே எழுத்து மாதிரியோ ஒரு கீறல் போட்டிருப்பார்கள். அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே அழுத்தம் அதிகமானால் அங்கே பிளந்து வெளியேறட்டும் என்று வைத்த வாசல். அந்த வாசல்கள் வரிசையாகத் திறந்தன. பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ வழிந்தது. அமெரிக்காவில், ஐரோப்பாவில், எங்கே பார்த்தாலும் பழுது பார்க்கிறவர்கள் முன்னால் ஒரே மாதிரி போர்டுகள் குவிந்தன.

2002-ம் வருஷத்தின் பிற்பகுதியில் ‘பாஸிவ் காம்பொனென்ட் இண்டஸ்ட்ரி’ என்ற தொழில் பத்திரிகை தைவான் மூலப்பொருளை நோக்கிக் கை காட்டியது. 2003 பிப்ரவரியில் ‘ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்’ இதழ் விவரமாக எழுதியது. அதில் வந்த கதை ஒரு துப்பறியும் நாவலுக்குச் சமானம்.

ஜப்பானில் ஒரு விஞ்ஞானி. தான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து திரவத்தின் ஃபார்முலாவோடு கிளம்பி, தைவான் கம்பெனி ஒன்றின் சீனக் கிளைக்குப் போகிறார். அங்கே அதே திரவத்தைச் செய்கிறார். பிறகு அவரோ அவருடைய சகாக்களோ ஃபார்முலாவைத் தைவானில் திரவம் தயாரிக்கும் இன்னொருவரிடம் விற்கிறார்கள். அந்தத் திரவம் பல கெப்பாசிட்டர் கம்பெனிகளுக்குப் போகிறது. போனது அரை ஃபார்முலா. தண்ணீரின் வாயைக் கட்டும் வரி அதில் இல்லை.

திருடினவன் வீட்டுக்குள் திருடன் புகுந்த கதை. கேட்க ஆனந்தமாக இருக்கிறது. உலகம் முழுக்க இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் எந்த நீதிமன்றத்திலும் இது நிரூபிக்கப்படவில்லை. பெயர் சொல்லி யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. பத்திரிகைகளுக்கு யாரோ சொன்ன தகவல் என்ற அளவிலேயே நிற்கிறது.

டப்பாவுக்குள் நடந்தது என்ன என்பதற்கு மட்டும் ஆதாரம் உண்டு. க்ரெய்க் ஹில்மேன், நார்மன் ஹெல்மோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கெட்டுப்போன கெப்பாசிட்டர்களைப் பிரித்துச் சோதித்தார்கள். உள்ளே ஹைட்ரஜன் இருந்தது. நல்ல ஜப்பானியத் திரவம் அமிலத்தன்மையோடு, பி.எச். அளவில் 4 வாக்கில் இருக்கவேண்டும். இவற்றில் 7-க்கும் 8-க்கும் இடையே காட்டியது. அலுமினியம் கரைந்து திரவத்தோடு கலந்துவிட்டதன் அடையாளம். சேர்க்கவேண்டிய ரசாயனம் ஒன்று இல்லை, அல்லது போதவில்லை.

தவறான சரக்கைப் போட்டுவிட்டோம் என்று அப்போது வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மதர்போர்டு கம்பெனி ஒன்றே ஒன்று. தைவானின் அபிட். அதுவும் சரக்கு யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல மறுத்துவிட்டது. மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். இங்கே எனக்கு ரசாயனத்தைவிடக் கணக்குதான் சுவாரசியமாகத் தெரிகிறது. கெப்பாசிட்டரில் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று வெப்ப அளவு. அந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பது இன்னொன்று. 2000 மணி நேரம் என்றால் பயந்துவிடாதீர்கள். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது இந்தத் தொழிலின் வாய்ப்பாடு. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் 65 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 105 டிகிரி சரக்கு 32,000 மணி நேரம் உழைக்கும். தினம் எட்டு மணி நேரம் என்றால் பதினோரு வருஷம். அதே இடத்தில் 85 டிகிரி சரக்கைப் போட்டால் 8,000 மணி நேரம். மூன்று வருஷம்கூட முழுசாக இல்லை.

இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில சென்ட். பார்வைக்கு ஒரே மாதிரி. கடையில் வைத்து ஓட்டிக் காட்டினால் இரண்டும் ஒரே மாதிரி ஓடும். வாரண்டி முடியும்வரை ஒரே மாதிரி ஓடும். வாங்குகிறவன் பார்ப்பது எத்தனை வாட் என்ற ஸ்டிக்கரை மட்டும். இப்படி ஒரு சரக்கில் யாருக்குத்தான் கை வைக்கத் தோன்றாது?

இதில் இன்னொரு கொடுமை. எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அது மட்டும் கெட்டுப்போய் ஒதுங்குவதில்லை. அது உறிஞ்சாமல் விட்ட அதிர்வு மதர்போர்டுக்குப் போகிறது. அங்கே உள்ள கெப்பாசிட்டர்கள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. சூடாகின்றன. சூடானால் ஆயுள் பாதி. நல்ல போர்டையும் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கெடுத்துவிடும். மெக்கானிக் போர்டை மாற்றுவார். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை அப்படியே மாட்டுவார். ஆறு மாதம் கழித்துப் புது போர்டும் போகும்.

இனி மறுபடி டெல்.

2003 மே மாதத்திலிருந்து 2005 ஜூலை வரை, கெட்டுப்போகக்கூடிய கெப்பாசிட்டர்களோடு டெல் விற்ற ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்கள் குறைந்தது 1 கோடியே 18 லட்சம். ஆஸ்பத்திரிகள், வங்கிகள், அரசாங்க அலுவலகங்கள், கல்லூரிகள் வாங்கும் ரகம். அவற்றில் இருந்தவை தைவான் சரக்கும் இல்லை. ஜப்பானின் நிச்சிகான் செய்தவை. இந்தத் தொழிலில் பெரிய பெயர். யாருடைய ஃபார்முலாவையும் திருடவேண்டிய அவசியமில்லாத பெயர். ஜப்பான் நல்லது, தைவான் கெட்டது என்ற எளிமையான கதை இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. ஆப்பிளின் முதல் ஐமேக் ஜி5 மெஷின்களும் இதே காலத்தில்தான் திரையிலும் பவரிலும் கோளாறு காட்டின. ஆப்பிள் 2005-ல் தனித் திட்டம் போட்டு இலவசமாகப் பழுது பார்த்தது.

டெல் என்ன செய்தது?

வட கரோலினாவில் அட்வான்ஸ்ட் இன்டர்நெட் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம். சுமார் 2,000 ஆப்டிப்ளெக்ஸ் வாங்கியிருந்தது. இணையதளங்களை நடத்திக் கொடுப்பதுதான் பிழைப்பு. மெஷின்கள் படுத்தால் பிழைப்பும் படுக்கும். 2007-ல் டெல் மீது வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் ஆவணங்கள் 2010-ல் வெளியே வந்தன. ‘நியூயார்க் டைம்ஸ்’ அதைப் பெரிதாக எழுதியது. கணிதத் துறை விவகாரம் உலகத்துக்குத் தெரிந்ததும் அப்போதுதான்.

மூன்று வருஷத்துக்குள் இந்த மெஷின்களில் நூற்றுக்கு 97 வரை தொல்லை கொடுக்கும் என்று டெல்லின் சொந்த ஆய்வே சொல்லியிருந்ததாக வழக்கில் வந்தது. விற்பனை ஆட்களுக்குப் போன அறிவுரையோ வேறு. வாடிக்கையாளர் கேட்காமல் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். கேட்டால், இன்னும் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஒரு மின்னஞ்சலில், போர்டு மோசம் என்று அர்த்தம் வரக்கூடிய எந்த வார்த்தையும் எழுதக்கூடாது என்று ஊழியர் ஒருவர் இன்னொருவருக்கு நினைவூட்டுகிறார்.

உச்சகட்டம் இன்னும் இருக்கிறது. இந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனம் இருக்கிறதே, அவர்களிடமும் சந்தேகத்துக்குரிய கம்ப்யூட்டர்கள் ஆயிரம் இருந்தன. அவற்றைச் சரி செய்து தரவும் டெல் தயங்கியதாம். சொந்த வக்கீலுக்கே!

2005-ல் டெல் இந்தக் கெப்பாசிட்டர் தலைவலிக்காக 30 கோடி டாலரைச் செலவாகக் கணக்கில் எழுதியது. 1 கோடியே 18 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மெஷினுக்கு சுமார் 25 டாலர். கெப்பாசிட்டரில் மிச்சம் பிடிக்க முடிந்தது சில சென்ட். ஐந்தொகையில் ஏறியது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நின்றுபோன மெஷின், கணிதத் துறையில் தொலைந்துபோன நாட்கள், பழியை ஏற்றுக்கொண்ட வைரஸ் எல்லாம் வாங்கினவர்கள் கணக்கில்.

அதன் பிறகு திரவமே வேண்டாம் என்ற பேச்சு வலுத்தது. உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்த கெப்பாசிட்டர் புதுசு இல்லை. சான்யோ கம்பெனி 1983-லேயே ஓஎஸ்-கான் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது. விலை அதிகம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்போது விலை பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. 2006 வாக்கில் கிகாபைட் மாதிரி கம்பெனிகள், முழுக்க முழுக்க திட கெப்பாசிட்டர் போட்ட மதர்போர்டு என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்றன. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளில் ‘நூறு சதவீதம் ஜப்பானியக் கெப்பாசிட்டர், 105 டிகிரி’ என்ற வாசகம் வந்தது. இன்றைக்கும் வருகிறது. அதுவரை எந்த வாடிக்கையாளரும் கெப்பாசிட்டர் என்ன ஜாதி என்று விசாரித்ததில்லை.

உண்மையை ஒப்புக்கொண்ட ஒரே ஆசாமியான அபிட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2006-ல் மதர்போர்டு தொழிலை இன்னொரு கம்பெனிக்கு விற்றது. 2008 டிசம்பரோடு அந்தப் பெயரில் மதர்போர்டு வருவது நின்றுபோனது. வாயைத் திறக்காதவர்களில் பலர் இன்னும் கடை நடத்துகிறார்கள்.

உங்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் எல்லாமே திடப்பொருளாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வெளியேறும் வாசலில் இருக்கும் சின்னவர்களுக்குத்தான் அந்த யோகம். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் குண்டு கெப்பாசிட்டர், 400 வோல்ட் தாங்கவேண்டியவர், இன்றைக்கும் பழைய ஆசாமிதான். இரண்டு அலுமினியத் தகடு, நடுவே காகிதம், ஈரம், ஒரு ரப்பர் அடைப்பான். தலையில் அந்தக் கீறல்.